உம் கொட்டாத ஊரில் கதை ஏது?

என் அப்பத்தா கதையைப் பாதியில் நிறுத்திவிடுவாள். மொட்டைமாடியில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருக்கும் பேரப்பிள்ளைகளில் ஒருவராவது ‘உம்’ கொட்டாவிட்டால் அவளுக்குக் கதை நகராது. “தூங்கிட்டீகளாடா? உம் கொட்டுங்க, அப்பத்தான் சொல்லுவேன்” என்பாள். அரைத் தூக்கத்தில் யாரோ ஒருவர் ‘உம்’ என்றதும், விட்ட இடத்திலிருந்து ராசாவின் குதிரை மறுபடி ஓடத் தொடங்கும். நாங்கள் தூங்கிவிட்டோமா என்று பார்க்கத்தான் அப்படிக் கேட்கிறாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அவளுக்கே அந்த ‘உம்’ வேண்டியிருந்தது என்பது எனக்கு நரை விழுந்த பிறகுதான் புரிந்தது.

அன்றாடப் பேச்சில் சுவையாகக் கதை சொல்லத் தெரிய வேண்டும் என்ற ஆசை இன்று பலருக்கும் வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் அதற்கு வழி சொல்ல வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறார்கள். ஆளுமை வளர்ச்சி வகுப்பு, அலுவலகப் பயிற்சி, யூடியூப் காணொளி, பேருந்து நிலையக் கடையில் தொங்கும் புத்தகம் என்று எங்கே போனாலும் அதே பாடம். முதல் வாக்கியத்திலேயே ஆளைப் பிடித்து இழு. தேவையில்லாததை வெட்டு. தொடக்கம், சிக்கல், திருப்பம், முடிவு என்று கட்டு. குரலை ஏற்றி இறக்கு. கண்ணாடி முன் நின்று பழகு.

இந்தப் பாடத்தின் அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கதை என்பது சொல்பவரிடம் இருக்கும் சரக்கு. அதைப் பாங்காகக் கட்டிக் கொடுத்தால் கேட்பவர் வாங்கிக்கொள்வார். வாங்காவிட்டால் கட்டியவரின் கைப்பிசகு. அந்த நம்பிக்கையே தவறு என்பது என் வாதம். பேச்சில் பிறக்கும் கதையைச் சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்துதான் உண்டாக்குகிறார்கள். ஆகவே நல்ல கதைசொல்லியாக விரும்புகிறவர் முதலில் பழக்க வேண்டியது நாக்கை அல்ல, காதை. கண்ணாடி முன் நின்று பழகுவதால் என்ன பயன்? கண்ணாடி உம் கொட்டாது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். மேடையில் 500 பேருக்கு முன் நிற்பவருக்குக் கட்டமைப்பு வேண்டும். நேர்முகத் தேர்வில் இரண்டு நிமிடத்தில் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியவருக்குச் சுருக்கம் வேண்டும். அங்கே கேட்பவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள். ஆனால் சாப்பாட்டு நேரம், டீக்கடை பெஞ்சு, ரயில் பெட்டி, கல்யாண வீட்டுப் பந்தல், அக்கா தங்கை சேர்ந்து கீரை ஆயும் நேரம் ஆகியவை மேடைகள் இல்லை. மேடைக்கு வகுத்த விதியை வீட்டுக்குள் கொண்டுவந்ததில்தான் குழப்பம் தொடங்கியது.

முதலில் கட்டமைப்பை எடுத்துக்கொள்வோம். பயிற்சி வகுப்புகளில் கதையின் உறுப்புகள் என்று ஒரு பட்டியல் சொல்வார்கள். என்ன நடந்தது என்று முதலில் ஒரு வரி, பிறகு யார், எங்கே, எப்போது, அதன்பின் சிக்கல், அது ஏன் முக்கியம் என்று காட்டுவது, எப்படித் தீர்ந்தது, கடைசியில் இன்றைய நாளுக்குத் திரும்பி வருவது. இந்தப் பகுப்பு அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவின் ஆய்விலிருந்து வந்தது. ஜோஷுவா வலெட்ஸ்கியுடன் சேர்ந்து 1967-இல் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். 1972-இல் விரித்து எழுதினார். அவர் அதை எங்கே கண்டெடுத்தார் என்பதை மட்டும் வகுப்பில் சொல்வதில்லை. எழுத்தாளர்களிடமோ பேச்சாளர்களிடமோ அல்ல. நியூயார்க்கின் ஹார்லெம் போன்ற பகுதிகளில் வாழ்ந்த சாதாரண மனிதர்கள், தெருவில் வளர்ந்த பையன்கள் வாய்மொழியாகச் சொன்ன சொந்த அனுபவங்களில்தான் கண்டெடுத்தார். கதை சொல்லும் பயிற்சி எதற்கும் போகாதவர்கள் அவர்கள். கட்டமைப்பு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

அவர்கள் வாயிலிருந்து அந்தக் கதைகள் எப்படி வெளியே வந்தன? உயிர் போய்விடும் என்று நினைத்த கணம் உன் வாழ்வில் உண்டா என்று லபோவ் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்டார். ஒலிப்பதிவுக் கருவி முன்னே விறைத்துப் போய் உட்கார்ந்திருப்பவர்கள்கூட அந்தக் கேள்விக்குப் பிறகு தங்களை மறந்து சொன்னார்கள். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது கேட்கத் தெரிந்த ஒருவரின் முன்னால் சாதாரண மனிதனிடமிருந்து முழுக் கதை வரும் என்பதுதான். நம் வகுப்புகள் அந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் எடுத்து வந்துவிட்டன.

இதற்கு நேர் மறுபக்கத்தைக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பாவெலாஸும் அவருடைய தோழர்களும் செய்து 2000-இல் வெளியிட்டது. மயிரிழையில் தப்பிய அனுபவத்தை ஒருவர் சொல்ல வேண்டும், அறிமுகமில்லாத இன்னொருவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் ஒரு வேலை கொடுத்தார்கள்: ஆங்கிலத்தில் ‘டி’ எழுத்தில் தொடங்கும் சொல் காதில் விழும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவர்கள் ஒவ்வொரு சொல்லையும் உன்னிப்பாகக் கவனித்தார்கள், ஆனால் கதையைக் கேட்கவில்லை. விளைவு, கதை சொன்னவர்கள் தடுமாறினார்கள். அதுவும் எங்கே? கதையின் உச்சத்தில். சிலர் முடிவைச் சட்டென்று அறுத்தார்கள். சிலர் முடித்த முடிவையே சுற்றிச் சுற்றிச் சொன்னார்கள். ‘உண்மையிலேயே ஆபத்துதான்’ என்று நியாயம் சொல்ல ஆரம்பித்தார்கள். நன்றாகக் கேட்கப்பட்ட கதைகளோ நன்றாகவே அமைந்தன.

அந்த ஆய்வு கேட்பவரின் பங்கை இரண்டாகப் பிரிக்கிறது. தலையாட்டுவது, ‘உம்’ என்பது ஒரு வகை. எந்தக் கதைக்கும் பொருந்தும். ‘ஐயையோ’ என்று பதறுவது, சொல்பவரோடு சேர்ந்து முகம் சுளிப்பது, அவர் தேடும் சொல்லை எடுத்துக் கொடுப்பது இன்னொரு வகை. அந்தக் கதையின் அந்த இடத்துக்கு மட்டுமே பொருந்தும். கவனம் சிதறியவர்களிடம் பெரிதும் காணாமல்போனது இந்த இரண்டாவதுதான். கைபேசியில் கண்ணை வைத்துக்கொண்டு ‘ம்… ம்… சொல்லு’ என்கிற நமக்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? நம் எதிரில் இருப்பவர் கதை சொல்லத் தெரியாதவர் என்று முடிவு கட்டுகிறோம். அவர் கதையின் கழுத்தை அறுத்தது நம் கையிலிருந்த கைபேசி என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு மனமில்லை.

இந்த உண்மையைத் தெரிந்துகொள்ள நமக்குக் கனடாவரை போக வேண்டிய அவசியம்கூட இல்லை. நம்முடைய கதை கூறும் கலைகள் கேட்பவரை மேடையிலேயே உட்கார வைத்திருக்கின்றன. குமரி, நெல்லைச் சீமையின் வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் ஒரு வரியைச் சொன்னதும் பக்கத்திலிருப்பவர் ‘ஆமா’ என்பார், ‘அப்புறம்?’ என்பார், கேள்வி கேட்பார். அந்தக் கலையை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுசென்ற சுப்பு ஆறுமுகத்தின் நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த ‘ஆமா’வை எடுத்துவிட்டால் கதை நொண்டும். தெருக்கூத்தில் ராஜா வந்ததும் கட்டியங்காரன் குறுக்கே நின்று, நீ யார், எந்த ஊர் என்று கேட்கிறான். அவன் கேட்பதால்தான் ராஜா தன் கதையைச் சொல்ல முடிகிறது.

பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் கம்பராமாயணத்தைத் தோல்பாவைக் கூத்தாக இரவு முழுக்க நடத்துகிறார்கள். அந்தக் கூத்தை ஆராய்ந்து 1996-இல் புத்தகம் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் வியப்பூட்டும் செய்தி ஒன்றைப் பதிவு செய்கிறார். பல இரவுகளில் எதிரே பார்க்க ஆளே இருப்பதில்லை. ஆனாலும் கூத்து நடக்கிறது. திரைக்குப் பின்னால் இருக்கும் கலைஞர்களே ஒருவர் சொல்ல ஒருவர் கேட்க, ஒருவர் வினவ ஒருவர் விளக்க, தங்களுக்குள் கேட்பவர்களை உண்டாக்கிக்கொள்கிறார்கள். ஊரே தூங்கினாலும் கேட்பவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது அந்தக் கலைக்குத் தெரிந்திருக்கிறது.

நம் மொழிக்கும் தெரிந்திருக்கிறது. காதால் கேட்பதற்கும் வாயால் வினவுவதற்கும் தமிழில் ஒரே சொல்தான், ‘கேள்’. வாய் மூடிச் செவி மட்டும் திறந்திருப்பதைக் கேட்டல் என்று தமிழ் நினைக்கவில்லை; கேட்பவன் கேள்வி கேட்பான் என்றும் சேர்த்தே நினைத்தது. உறவினருக்குக் ‘கேளிர்’ என்று பெயர் வைத்ததும் இந்த மொழிதான். இலங்கைத் தமிழரோ உரையாடுவதையே ‘கதைப்பது’ என்கிறார்கள். உரையாடல் வேறு கதை வேறு என்ற பிரிவு அந்தச் சொல்லில் இல்லை.

இனிச் சுருக்கத்துக்கு வருகிறேன். ‘விஷயத்துக்கு வா’ என்பது இன்றைய பேச்சின் தாரக மந்திரம். இதனால் என்ன இழக்கிறோம் என்பதை என் வீட்டில் நடந்த ஒன்றைக் கொண்டு சொல்கிறேன். என் சித்தப்பா முப்பது வருடமாக ஒரு சம்பவத்தை இரண்டே வரியில் சொல்லி வந்தார். “ஒரு கல்யாணத்துக்குப் போறப்ப டீ குடிக்க இறங்குனேன், பஸ்ஸு என் பையோட கிளம்பிருச்சு. அப்புறம் பை கிடைச்சிருச்சு.” இதைவிடச் சுருக்க முடியாது. நாங்களும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். போன பொங்கலுக்கு அவர் அதைச் சொன்னபோது ஒன்பது வயதுப் பேத்தி குறுக்கே கேட்டாள்: “தாத்தா, அந்தப் பையில என்ன இருந்துச்சு?”

சித்தப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “தாலி” என்றார்.

வீடே நிமிர்ந்து உட்கார்ந்தது. பொண்ணு வீட்டில் முகூர்த்தம் விடிகாலை. மஞ்சள் பையில் தாலியை வைத்து இவரை நம்பி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த பஸ்ஸில் ஏறி, டிரைவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, ஒவ்வொரு ஊரிலும் இறங்கி விசாரித்திருக்கிறார். “பை எப்படித் தாத்தா கிடைச்சுச்சு?” என்று கேட்டாள் பேத்தி. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு கிழவி, பைக்காரன் வருவான் என்று பையை மடியில் வைத்துக்கொண்டு, தான் இறங்க வேண்டிய ஊரையும் தாண்டி, கடைசி ஸ்டாண்டில் இறங்கி உட்கார்ந்திருந்திருக்கிறாள். பையைக் கொடுத்துவிட்டு, “சீக்கிரம் போய்யா, பிள்ளை காத்திருக்கும்” என்று மட்டும் சொன்னாளாம். அவள் பேரைக்கூடக் கேட்காமல் ஓடிவிட்டேனே என்று சொல்லும்போது சித்தப்பாவின் குரல் உடைந்தது. முப்பது வருடம் அந்தக் கிழவி அந்த இரண்டு வரிக்குள் அடைபட்டுக் கிடந்தாள். ஒரு குழந்தை கேட்ட இரண்டு கேள்விகள் அவளை வெளியே கொண்டுவந்தன.

எந்தப் பயிற்சி வகுப்பு சித்தப்பாவுக்கு இதைக் கற்றுக் கொடுத்திருக்கும்? தாலியையும் கிழவியையும் தேவையில்லாத விவரம் என்று அவரே முன்னமே வெட்டி வைத்திருந்தார். எது தேவை, எது தேவையில்லை என்பது சொல்பவருக்குத் தனியாகத் தெரிவதில்லை. நடந்ததை அவர் ஏற்கெனவே அறிந்திருப்பதால் எல்லாமே அவருக்குப் பழகிப்போய்விடுகிறது. புதிதாகப் பார்க்கிற கண் கேட்பவருடையது.

இங்கே ஒரு மறுப்பு வரும். “அப்படியானால் இழுத்து அறுப்பவர்களை என்ன செய்வது? ஒரு மணி நேரம் நம் பிராணனை வாங்கும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் உம் கொட்டச் சொல்கிறீர்களா?” நியாயமான கேள்விதான். அப்படிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அவர்களிடம் குறையாக இருப்பது என்ன என்று பாருங்கள். அவர்கள் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கேட்பவர் செருப்பை மாட்டுவதையும் கடிகாரத்தைப் பார்ப்பதையும் அவர்கள் காண்பதில்லை. அவர்கள் கட்டமைப்பு தெரியாதவர்கள் இல்லை, காது மூடியவர்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். அரைகுறையாகக் கேட்கப்பட்டவர்கள் முடிவைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று அந்தச் சோதனை காட்டியதல்லவா? சொன்னதையே சொல்கிறார் என்று நாம் சலித்துக்கொள்ளும் பெரியவர்களில் சிலரையாவது அப்படி ஆக்கியது நாம்தான். ஒருமுறை முழுதாகக் கேட்டிருந்தால் அந்தக் கதை அங்கே அடங்கியிருக்கக்கூடும்.

“யாருக்கு நேரம் இருக்கிறது?” என்பது அடுத்த மறுப்பு. காலஹாரிப் பாலைநிலத்தின் ஜுஹோவான்சி மக்களிடையே பல்லாண்டுகள் பணியாற்றிய மானிடவியலாளர் பாலி வீஸ்னர், அவர்களுடைய பகல் பேச்சையும் இரவில் நெருப்பைச் சுற்றி நடக்கும் பேச்சையும் ஒப்பிட்டு 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பகலில் கதை வெறும் 6 சதவீதம். மற்றதெல்லாம் பெரும்பாலும் வேலை, பங்கீடு, குறை, புகார். இரவிலோ 81 சதவீதம் கதை. வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் பிழைத்தவர்களுக்கும் பகலில் நேரம் இருந்ததில்லை. அவர்கள் இரவைக் கதைக்குக் கொடுத்தார்கள். நமக்கும் அந்த இரவு இருந்தது. மின்வெட்டு நாட்களில் விசிறியோடு வாசலுக்கு வந்த தெரு எப்படிப் பேசியது என்பது நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். இன்றும் இரவு வருகிறது. அதை ஆளுக்கொரு திரைக்குக் கொடுத்துவிட்டோம்.

கேட்பதனால் சொல்லும் திறன் எப்படி வரும் என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். நன்றாகக் கேட்பவருக்குக் கேள்வி எங்கே எழும் என்பது தெரிந்துவிடுகிறது. தான் சொல்லும்போது அந்த இடத்தில் நிற்கத் தெரிந்துவிடுகிறது. கி. ராஜநாராயணன் முப்பது வயதைக் கடந்த பிறகுதான் எழுத வந்தார். அதற்கு முன்பு அவர் இடைசெவலில் கரிசல் சம்சாரிகளின் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு அதே காதுதான் நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டியது, கரிசல் வட்டாரத்துக்கு அகராதி தொகுத்தது, ‘கோபல்லபுரத்து மக்க’ளை எழுதி 1991-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. அவர் எழுத்து நம் முன்னால் உட்கார்ந்து பேசுவதைப் போல இருப்பதற்குக் காரணம், அவர் அவ்வளவு பேர் முன்னால் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். என் அப்பத்தாவின் கதைகளும் அப்படித்தான். அவளுடைய அப்பத்தா சொல்லக் கேட்டு, பிறகு மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் ‘உம்’மில் உரசி உரசி வழவழப்பானவை.

ஆகையால் வழி கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கதை தொடங்குமுன் இடம் கேளுங்கள். ‘நேத்து என்ன ஆச்சு தெரியுமா?’ என்று நாம் எல்லோரும் தொடங்குவது வெறும் பழக்கம் இல்லை. நெடுநேரம் பேசப்போகிறவர் எதிராளியிடம் அனுமதி கேட்கும் முறை அது என்று உரையாடலை ஆராய்ந்த ஹார்வி சாக்ஸ் 1960-களிலேயே எடுத்துக்காட்டினார். ‘என்ன ஆச்சு?’ என்ற பதில் வந்தால் சொல்லுங்கள். வராவிட்டால் வேறு நேரம் பாருங்கள். சொல்லும்போது எதிரில் இருப்பவரின் கண் விரியும் இடத்தில் தங்குங்கள். கேட்கும்போது உங்களுக்கு இன்னும் தெரியாத ஒன்றைக் கேளுங்கள்: பையில் என்ன இருந்தது, அவர் முகம் எப்படி இருந்தது, நீ என்ன நினைத்தாய். ‘எனக்கும் இப்படித்தான்’ என்று நம் கதையைத் தொடங்குவதில் தவறில்லை. அவர் கதையைப் புரிந்துகொண்டதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. ஆனால் அவர் முடித்த பிறகு தொடங்குங்கள்.

ஏ. கே. ராமானுஜன் தன் இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் ஒரு தமிழ்க் கதையைச் சேர்த்திருக்கிறார். இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள் இருக்கும் வீட்டில் ஒரு விதவைத் தாய். நால்வரும் அவளைக் கொடுமைப்படுத்துகிறார்கள். சொல்லி அழ ஆளில்லாமல் மனக்குறை உள்ளேயே சேர்ந்து அவள் உடல் பருத்துக்கொண்டே போகிறது. ஒரு நாள் பாழடைந்த வீடு ஒன்றுக்குள் போய், ஒரு சுவரிடம் ஒருவரைப் பற்றி என்று நான்கு சுவர்களிடமும் சொல்லித் தீர்க்கிறாள். கேட்ட சுவர் ஒவ்வொன்றும் பாரம் தாங்காமல் இடிந்து விழ, அவள் இலேசாகி வீடு திரும்புகிறாள். கூரையில்லாத சுவர் அவளுக்குச் செய்ததை, கூடவே வாழ்ந்த நான்கு பேர் செய்யவில்லை.

உங்கள் வீட்டிலும் இரண்டு வரியில் கதையை முடித்துக்கொள்ளும் ஒருவர் இருப்பார். இன்றிரவு கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் நிறுத்தும் இடத்தில் ‘அப்புறம்?’ என்று கேளுங்கள். பதில் முடியும்வரை எழுந்துவிடாதீர்கள்.